ஆய்லர் கையால் நிரூபித்த பகா எண்

2147483647 என்பது கணினியில் கூட்டல், கழித்தல் குறியோடு 32 பிட்டில் (32 இரும இலக்கங்களில்) அடங்கும் மிகப் பெரிய முழு எண், அதோடு அது பகா எண்ணும்கூட என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. அந்த இரண்டாவது பாதிதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

31 இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்தால் கிடைப்பது இந்த எண். இது பகா எண் என்பதை 1772-இல் கணித மேதை ஆய்லர் கையாலேயே கணக்குப் போட்டு நிரூபித்தார். சாதாரண முறையில் இதன் வர்க்கமூலமான 46340 வரை உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அவை ஏறக்குறைய 4,800. ஆனால் இந்த எண்ணுக்குப் பகா வகுஎண் ஒன்று இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 மட்டுமே வர முடியும். சரி, அப்படிப்பட்ட எண்கள் 46340-க்குள் எத்தனை? சுமார் 370 தான். அவற்றிலும் பகா எண் அல்லாதவற்றைத் தள்ளிவிடலாம். மலைபோல் இருந்த வேலை சில நாள் வேலையாகச் சுருங்கிவிடுகிறது! இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

அதன் பிறகு பல பத்தாண்டுகள் மனிதர் அறிந்த மிகப் பெரிய பகா எண் இதுவே.

அப்புறம் இன்னொன்று. 3, 7, 31 ஆகியவற்றைப் போல இதுவும் மெர்சென் பகா எண், அதாவது இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்தால் கிடைக்கும் பகா எண். ஆனால் இதையே அடுக்காக வைத்து, இத்தனை இரண்டுகளைப் பெருக்கி 1 கழித்தால் வருவது பகா எண் அல்ல, 295257526626031 அதை மீதியின்றி வகுக்கும்.