ஸ்ப்ரே வாங்க ஓட வேண்டாம்

பிரசவ வார்டில் செவிலியராக இருந்தவள் நான். ஆக்ஸிடோசின் என்றால் எங்களுக்கு வலி வர ஏற்றும் டிரிப். சொட்டு எண்ணியே பாதி ராத்திரி போய்விடும். அதையே ஸ்ப்ரேயாக மூக்கில் அடித்தால் எடை குறையும் என்கிறது உங்கள் கட்டுரை.

சரி, ஆதாரம் இல்லாமல் இல்லை. பாஸ்டன் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக் குழு 25 ஆண்களுக்கு ஒரே ஒரு டோஸ் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. காலைச் சாப்பாட்டில் சராசரியாக 122 கலோரி குறைந்தது, அதாவது இரண்டு சின்ன இட்லி! உடல் கொழுப்பை எரிப்பதும் கூடியது. அப்புறம் அதே குழு, உடல் பருமன் உள்ள 61 பேரை வைத்து எட்டு வாரம், தினம் நாலு வேளை சோதித்தது. 2024இல் முடிவு வந்தது: எடை குறையவில்லை. இதை ஏன் கட்டுரையில் விட்டுவிட்டீர்கள்?