லூர்தம்மாள் சைமன் ‘முதல் பெண் அமைச்சரா’?

மகளிர் தினம் வந்தாலே குமரி மாவட்ட வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றும். கொட்டை எழுத்தில், ‘தமிழ்நாட்டின் முதல் பெண் அமைச்சர், நம்ம குளச்சல் லூர்தம்மாள் சைமன்’ என்று இருக்கும். அது தவறு.

1946-இலேயே சென்னை மாகாணத்தில் பிரகாசம் அமைச்சரவையில் ருக்மிணி லட்சுமிபதி சுகாதார அமைச்சர். அப்புறம் 1953-இல் ராஜாஜி அமைச்சரவையில் ஜோதி வெங்கடாசலம். அப்போது நம் ஊர்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன.

1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு சேர்ந்தோம். மறு வருஷமே குளச்சலில் ஜெயித்த லூர்தம்மாள், காமராஜர் அமைச்சரவையில் உள்ளாட்சி, மீன்வளத் துறைகளை ஏற்றார். எட்டுப் பேரில் பெண் அவர் ஒருவர்தான். தமிழக அமைச்சரவைக்குக் குமரியிலிருந்து போன முதல் ஆளே, ஆண் பெண் இருபாலரிலும், இவர்தான். படத்தில் இதை எழுதிப் பகிருங்கள். கூடவே ருக்மிணி, ஜோதி படங்களையும் போடுங்கள்.