நான்கு வயதுக் குழந்தைக்கு எதற்குப் பாடத்திட்டம்?

மழலையர் வகுப்பில் வேலை செய்கிற எனக்கு இந்தக் கேள்வி இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. "விளையாடுகிற வயதில் பாடமாவது திட்டமாவது, சும்மா விடுங்கள்" என்பார் ஒருவர். "எழுத்து எப்போது ஆரம்பிப்பீர்கள்? வீட்டுப்பாடம் உண்டா?" என்று முதல் வாரமே கேட்பார் இன்னொருவர். இருவர் மனத்திலும் பாடத்திட்டம் என்றால் எழுதிப் பழக வேண்டிய எழுத்துகள், சொல்ல வேண்டிய எண்கள், ஒப்பிக்க வேண்டிய பாட்டுகள் கொண்ட ஒரு பட்டியல்தான். ஒருவர் அந்தப் பட்டியலுக்குப் பயப்படுகிறார், மற்றவர் அதைத் தேடுகிறார். அது பாடத்திட்டமே இல்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது.

எண்களை எடுத்துக்கொள்வோம். மூன்று வயதுக் குழந்தை ஒன்று முதல் பத்து வரை கடகடவென்று சொல்லிவிடும். வீட்டில் எல்லோரும் கைதட்டுவார்கள். அதே குழந்தையிடம் "எனக்கு நான்கு கட்டைகள் எடுத்துக் கொடு" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கைக்கு வந்ததை அள்ளித் தரும். கரேன் வின் என்ற உளவியலாளர் 1990இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. எண்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்த குழந்தைக்கும் 'ஒன்று' என்றால் எவ்வளவு என்பது முதலில் பிடிபடுகிறது, பிறகு 'இரண்டு', அதற்குப் பிறகு 'மூன்று'. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் மாதங்கள் ஓடுகின்றன. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத்தின் அளவு என்ற புரிதல் பல குழந்தைகளுக்கு மூன்றரை, நான்கு வயதை ஒட்டித்தான் வருகிறது.

இதை அறிந்த ஆசிரியர் என்ன செய்வார்? நூறு வரை சொல்ல வைக்க மாட்டார். மேசையில் ஐந்து பேர் உட்கார்ந்திருக்கும்போது, கோப்பைகளை எடுத்துவரும் வேலையை இரண்டு வரை மட்டுமே பிடிபட்டிருக்கும் குழந்தையிடம் கொடுப்பார். ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டே வரும்போது ஒருவருக்கு இல்லாமல் போகும். "இன்னும் எத்தனை வேண்டும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்பு மிக முக்கியம். அவசரப்பட்டு நாமே விடையைச் சொல்லிவிட்டால் அந்தக் குழந்தையின் அன்றைய கணக்கு நம்முடையதாகிவிடும். எந்தக் குழந்தையிடம் எந்த வேலையைக் கொடுப்பது, எப்போது கேட்பது, எப்போது வாயை மூடிக்கொள்வது, பார்த்ததைக் குறித்துவைத்து அடுத்த வாரம் என்ன மாற்றுவது என்று ஆசிரியருக்கு வழி சொல்வதையே நான் பாடத்திட்டம் என்கிறேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குழந்தைகள் மேசையில் கோப்பை வைப்பது மட்டும்தான் தெரியும்.

மரக்கட்டைகளும் அப்படித்தான். அமெரிக்கக் கல்வியாளர் கரோலின் பிராட் வடிவமைத்த கட்டைகள் இன்றும் பல வகுப்பறைகளில் இருக்கின்றன. இரண்டு சிறிய கட்டைகளைச் சேர்த்தால் ஒரு பெரிய கட்டையின் நீளம் வரும், அதைப் போல் இரண்டு சேர்ந்தால் அடுத்த அளவு வரும். பாலம் கட்டும் குழந்தைக்கு நீளக் கட்டை கிடைக்காமல் போகும் நாளில், இரண்டு சிறியவற்றை ஒட்டி வைத்துப் பார்க்கிறது. பின்னத்தின் விதை அங்கே விழுகிறது. கட்டைகள் கலைந்த குவியலாகக் கிடந்தால் இது நடக்காது. அளவுவாரியாக, கைக்கு எட்டும் உயரத்தில் அடுக்கி, கலைக்காமல் கட்டி முடிக்க நேரமும் இடமும் கொடுத்தால்தான் நடக்கும். "சும்மா விடுங்கள்" என்பவருக்கு என் பதில் இதுதான்: அந்த 'சும்மா'வுக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்.

எழுதுவதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மணிக்கட்டில் இருக்கும் எட்டு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாகத்தான் கெட்டிப்படுகின்றன, கடைசி எலும்பின் முறை வருவதற்குள் எட்டு வயது தாண்டிவிடும். களிமண் பிசைவது, காகிதம் கிழிப்பது, மணி கோப்பது எல்லாம் அந்தக் கைக்கான வேலைகள். மூன்று வயதுக் கையில் பென்சிலைத் திணித்து நான்கு கோட்டு நோட்டை நிரப்பச் சொல்வதை என்னால் எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியவில்லை.

மனத்தைக் கட்டுப்படுத்தும் திறனைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல ஆசை. பாவனை விளையாட்டில் குழந்தை விதிகளுக்குத் தன்னைத் தானே உட்படுத்திக்கொள்கிறது என்றார் ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி. சாதாரணமாக ஒரு நிமிடம் ஓர் இடத்தில் நிற்காத குழந்தை, 'நோயாளி'யாக நடிக்கும்போது 'மருத்துவர்' கூப்பிடும் வரை நாற்காலியில் காத்திருக்கும். யாரும் அதட்டவில்லை. ஊசி போட ஆசை இருந்தாலும், தான் மருத்துவர் இல்லை என்பதால் கையை அடக்கிக்கொள்கிறது. பின்னால் வகுப்பில் கவனித்து உட்காரவும், கோபம் வந்தால் கையை ஓங்காமல் இருக்கவும் தேவைப்படுவது இதே அடக்கம்தான். இதை எந்தப் பயிற்சித்தாளிலும் அச்சடிக்க முடியாது.

"அழகாகப் பேசுகிறீர்கள், ஆதாரம் உண்டா?" என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், இப்சிலான்டி நகரில், 1962 முதல் 1967 வரை நடந்த பெர்ரி முன்பள்ளித் திட்டத்தில் 123 ஏழைக் குழந்தைகள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். அவர்களில் 58 பேருக்கு முன்பள்ளியும் வாராந்திர வீட்டு வருகையும் கிடைத்தன. அந்த வகுப்பில் பின்னாளில் உருப்பெற்ற முறைப்படி, குழந்தை என்ன செய்யப் போகிறது என்று முதலில் சொல்லும், பிறகு செய்யும், முடிந்ததும் நடந்ததைச் சொல்லும். ஆரம்பத்தில் ஏறிய நுண்ணறிவு மதிப்பெண் சில ஆண்டுகளில் கரைந்துபோனது. ஆனால் நாற்பது வயதில் பார்த்தபோது, முன்பள்ளி கிடைத்தவர்களில் பள்ளியை முடித்தவர்களும் வேலையில் இருந்தவர்களும் அதிகம், கைதானவர்கள் குறைவு. மதிப்பெண் கரைந்தது, பழக்கம் நின்றது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

எந்த முன்பள்ளியானாலும் நல்லதுதான் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. அமெரிக்காவிலேயே டென்னசி மாநிலத்தில், குலுக்கல் முறையில் இடம் கிடைத்த குழந்தைகளையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வின் முடிவு 2022இல் வெளியானது. ஏறத்தாழ 3,000 குழந்தைகள். முன்பள்ளி முடித்த கையோடு முந்தியிருந்தவர்கள், ஆறாம் வகுப்புக்கு வருவதற்குள் தேர்வு மதிப்பெண்ணிலும் ஒழுங்கிலும் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான டேல் ஃபாரன், வகுப்பு முழுவதையும் உட்கார வைத்து நடத்தும் பாடம் அதிகமாகவும் குழந்தைகள் பேசுவதைக் கேட்பது குறைவாகவும் இருப்பதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். காரணம் இதுதான் என்று அந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. ஆனாலும் தினமும் வகுப்பறையில் நிற்கிற எனக்கு அந்த விளக்கம் பொருந்துகிறது. எழுத்தை முந்திச் சொல்லிக் கொடுத்துப் பெறும் முன்னிலை ஒன்றிரண்டு ஆண்டுகளில் சமன்பட்டுவிடும், மற்றவர்களும் எழுத்தைக் கற்றுக்கொண்டுவிடுவார்கள். அந்த நேரத்தில் கேள்வி கேட்கவும் விட்டுக்கொடுக்கவும் ஒரு வேலையை முடிக்கவும் பழகாமல் போனதை யார் ஈடுகட்டுவது?

பாடத்திட்டம் தாளில் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஓர் ஆசிரியரிடம் நாற்பது குழந்தைகளை ஒப்படைத்தால் அது செத்துவிடும். பெர்ரி வகுப்பில் இருபது, இருபத்தைந்து குழந்தைகளுக்கு நான்கு ஆசிரியர்கள் இருந்தார்கள். முன்பள்ளி வேண்டும் என்று பேசுகிற பலர் இந்த விவரத்தை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார்கள். கோப்பைக்காகக் காத்திருக்கும் ஆசிரியர், அந்த நேரத்தில் அழுகிற மூன்று பேரைச் சமாதானப்படுத்த ஓட வேண்டியிருந்தால் எப்படிக் காத்திருப்பார்? பார்த்ததை எழுதிவைக்க அவருக்கு எந்த நேரம் மிஞ்சும்? குழந்தைகளைக் கவனிப்பதற்கும் மறுநாளைத் திட்டமிடுவதற்கும் சம்பளத்தோடு கூடிய நேரம் வேண்டும் என்று நாங்கள் கேட்டால், "சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இவ்வளவா?" என்கிறார்கள்.

பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் குழந்தையைச் சேர்க்கப் போகும் இடத்தில், எழுத்து எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்பதை விட்டுவிட்டு, ஓர் ஆசிரியருக்கு எத்தனை குழந்தைகள் என்று கேளுங்கள். சேர்ந்து ஒரு மாதம் கழித்துப் போய், "என் குழந்தை இப்போது எதில் ஆர்வமாக இருக்கிறது, அதை வைத்து நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று ஆசிரியரிடம் கேளுங்கள். குழந்தை எழுதி நிரப்பிய நோட்டை எடுத்துக் காட்டினால் கொஞ்சம் யோசியுங்கள். நேற்று உங்கள் குழந்தை கட்டிய பாலம் ஏன் விழுந்தது என்று சொல்ல ஆரம்பித்தால் உட்கார்ந்து முழுவதையும் கேளுங்கள்.