மனப்பாட ஜெபம் என்ன மட்டமா?

கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம் வாங்கிய புதிதில் கைக்கு வரும் பரிசுகளில் பாதி ஜெபப் புத்தகங்கள்தான். செவ்வாய் அந்தோணியார் நவநாள், புதன் சகாய மாதா நவநாள், வியாழன் பெங்களூர் விவேக்நகர் குழந்தை இயேசு, தினமும் பிற்பகல் 3 மணிக்கு இறை இரக்க ஜெபமாலை. அன்பில்தான் கொடுக்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் வீடு சிவாஜிநகரில், வேலை எலக்ட்ரானிக் சிட்டியில் என்று இருப்பவளுக்கு இத்தனைக்கும் நேரம் எங்கே? ஒரே மாதத்தில் களைத்துப்போய் மொத்தத்தையும் விட்டுவிடுவாள். புதிதாக வந்தவர்களிடம் நான் சொல்வது: இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதை அலமாரியில் வையுங்கள்.

இதைவிடப் பெரிய தொல்லை இன்னொன்று. அன்பியக் கூட்டத்தில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிப்பது) திடீரென்று நம் பக்கம் திரும்பி, "நீங்க ஒரு ஜெபம் சொல்லுங்கம்மா" என்பார்கள். பக்கத்தில் இருக்கும் அக்கா அப்போதுதான் மூச்சுவிடாமல் சொந்த வார்த்தையில் ஜெபித்து முடித்திருப்பார். நமக்கோ நாக்கு ஒட்டிக்கொள்ளும். சரி என்று 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' சொன்னால், "அது மனப்பாடம்தானே, மனசுலேர்ந்து வரணும்" என்று அறிவுரை வேறு. சிலர் மத்தேயு 6:7ஐயே எடுத்து நீட்டுவார்கள். பிற இனத்தவரைப் போலப் பிதற்ற வேண்டாம் என்று இயேசு சொல்லியிருக்கிறாராம்.

சொல்லியிருக்கிறார்தான். இரண்டு வசனம் தள்ளிப் படித்தால், இப்படி ஜெபியுங்கள் என்று அதே 'எங்கள் தந்தையே' வார்த்தைகளை எடுத்துக் கொடுப்பதும் அவரேதான். கெத்சமனி தோட்டத்தில் மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று எழுதியிருப்பதும் இதே மத்தேயு, 26:44. சிலுவையில் "என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்றாரே, அது 22ஆம் திருப்பாடலின் முதல் வரி. உயிர் போகிற நேரத்தில் அவர் வாயில் வந்தது அவருடைய மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த பாட்டு. இதற்கு மேல் மனப்பாடத்துக்கு யார் சிபாரிசு செய்ய வேண்டும்?

நான் சைவ வீட்டுப் பெண். சாயங்காலம் விளக்கேற்றியதும் அம்மா பதிகம் பாடுவார், குக்கர் விசிலுக்கு நடுவிலேயே. காய்ச்சல் வந்தாலும் பாடுவார், அப்பாவோடு சண்டை போட்ட அன்றும் பாடுவார். அதில் பக்தி இல்லை என்று யாராவது அவர் முன்னால் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்! அந்தப் பழக்கம் எனக்கு இங்கேயும் கைகொடுக்கிறது.

எனக்கு ஒத்துவருவது மூவேளைச் செபமும் ஜெபமாலையும். காலை 6, மதியம் 12, மாலை 6 மணிக்குப் போனில் அலாரம். மதியம் மீட்டிங் இருந்தால் மனதுக்குள் ஒரு வரி, அவ்வளவுதான். ஜெபமாலை பஸ்ஸில். மாலையின் 53 'அருள் நிறைந்த மரியே' மணிகளையும் ஒரே மூச்சில் சொல்லியே ஆகவேண்டும் என்பதில்லை, புதியவர்களுக்கு ஒரு பத்து (பத்து மணிகள் சேர்ந்த ஒரு பகுதி) போதும். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டிக்கொண்டால் ஐந்து பத்தும் தானாக முடியும். வியாழக்கிழமைகளில் ஒளியின் மறையுண்மைகள், அதாவது ஜெபமாலையோடு தியானிக்க இயேசுவின் வாழ்விலிருந்து ஐந்து நிகழ்வுகள். அதைத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சேர்த்ததே 2002இல்தான், பாட்டிமார் பலருக்கு இன்னும் பழகவில்லை. அவர்கள் பழைய தமிழில் 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே' என்று ஆரம்பிப்பார்கள், நாம் 'அருள் நிறைந்த மரியே' என்போம், இரண்டும் நடுவில் எங்கோ சேர்ந்துகொள்ளும்.

சொந்த வார்த்தையே கூடாது என்று சொல்லவில்லை. வரும்போது வரட்டும். வராத நாளுக்கு, முக்கியமாகக் கடவுள்மேல் கோபமாக இருக்கும் நாளுக்கு, 88ஆம் திருப்பாடலைப் படியுங்கள். கடைசி வரிவரை இருட்டுதான், ஆறுதலாக ஒரு முடிவு கிடையாது. அதையும் விவிலியத்தில் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், ஜெபத்தில் ஒன்றுமே தோன்றவில்லை, தூக்கம்தான் வருகிறது என்று புலம்புபவர்களுக்கு: புனித குழந்தை தெரேசாள் கார்மேல் மடத்திலேயே வாழ்ந்த கன்னியாஸ்திரி, 24 வயதில் 1897இல் இறந்தவர். ஜெபமாலை சொல்வது தனக்கு மிகவும் கஷ்டம் என்றும், ஜெப நேரத்தில் தூங்கிவிடுகிறேன் என்றும் அவரே எழுதி வைத்திருக்கிறார். திருச்சபை 1997இல் அவரை மறைவல்லுநராக, அதாவது திருச்சபைக்கே ஆசிரியராக, அறிவித்தது. ஆகவே பஸ்ஸில் பாதிப் பத்தில் தூங்கிப்போனதை யாரும் பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். ஃபாதருக்கும் நேரம் மிச்சம், பின்னால் வரிசையில் நிற்கும் எங்களுக்கும் மிச்சம்.