சேர்ந்து படித்தால் பார்மசி மாணவர் டாக்டர் ஆகிவிடுவாரா?

"மருத்துவ மாணவர்களையும் பார்மசி மாணவர்களையும் ஒரே வகுப்பில் உட்காரவைக்கிறார்கள். இனி பார்மசி படித்தவரும் டாக்டர் மாதிரி மருந்து எழுதலாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

மருந்து எழுதும் உரிமையைத் தருவது அந்தந்த நாட்டின் சட்டமும் பதிவு விதிகளும்தான். கூட்டு வகுப்பு அதைத் தராது. சில நாடுகளில் பார்மசிஸ்டும் மருந்து எழுதுகிறார், உண்மைதான். அதற்கென்று தனிச் சட்டமும் பயிற்சியும் அங்கே இருக்கின்றன.

சரி, எதற்கு இந்த வகுப்பு? முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியது அது. சீட்டில் தவறுதலாக 'தினமும்' என்று விழுந்துவிட்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். அந்த ஒரு சொல்லைக் கவனித்து, தயங்காமல் டாக்டரை அழைத்துக் கேட்க பார்மசிஸ்டுக்குப் பழக்கம் வேண்டும். கோபப்படாமல் கேட்டுத் திருத்த டாக்டருக்கும் வேண்டும். இரண்டும் படிக்கும் காலத்திலேயே வந்துவிட்டால் நல்லது. எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது அந்தத் தயக்கம் போவதுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட செயல்திட்ட ஆவணம் இந்தக் கூட்டுக் கல்வியை இப்படி விளக்குகிறது: இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறை மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்பது. அந்நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசமாகவே படிக்கலாம். உரிமை விதிகளை உங்கள் நாட்டு மருத்துவ, பார்மசி கவுன்சில்களின் தளங்களில் பாருங்கள்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தைக் கொடுங்கள்.