குழியின் மேல் வெல்டிங் வைத்தால் போதாது

‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டியில் விழுந்த அரிப்புக் குழிகளின் மேல் வெல்டிங் வைத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் துடைத்தால் புதிதுபோல் ஆகிவிடும்’ என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். குண்டூசித் தலையளவே தெரியும் குழி, உள்ளே பானை வயிறுபோல் அகன்றிருக்கக்கூடும். அடியில் தங்கிய குளோரைடை, அதாவது அரிப்பைத் தூண்டும் உப்பை, மூடி வைத்தால் அரிப்பு உள்ளேயே தொடரும்.

முதலில் பழுதற்ற உலோகம் தெரியும்வரை கிரைண்டரால் தேய்த்தெடுக்க வேண்டும். சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, மிஞ்சிய குழியோ விரிசலோ உண்டா என்று பார்க்கும் சாய ஊடுருவல் சோதனையில் ஒரு சிவப்புப் புள்ளிகூட எழக்கூடாது. மிஞ்சிய தகட்டின் தடிமனை அளந்த பிறகே வெல்டிங். 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டுக்கு 308எல் வகை வெல்டிங் கம்பி. பிறகு வெப்பத்தால் படிந்த நீலக்கறையை நீக்கி, நைட்ரிக் அல்லது சிட்ரிக் அமிலத்தால், துருவைத் தடுக்கும் மெல்லிய குரோமியப் படலத்தை மீட்க வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலமோ அந்தப் படலத்தையே தின்றுவிடும். சாதாரண இரும்புத் தூரிகையும் வேண்டாம். அதன் துகள் ஒட்டிய இடத்தில் துரு பிடிக்கும்.