ஒரே வீட்டில் மூன்று பேர்

தன்னார்வலர் என்றால் ஓய்வு நேரத்தில் உதவிக்கு வருகிறவர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். லாங்ஹோப் ஊரின் கதையைப் படித்ததிலிருந்து அந்தச் சொல்லைச் சும்மா எழுதிவிட முடியவில்லை.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளில் ஒரு மூலையில் இருக்கிறது லாங்ஹோப். 1874-லேயே அங்கே உயிர்காப்புப் படகு நிலையம் வந்துவிட்டது. பக்கத்தில் இருக்கும் பென்ட்லண்ட் நீரிணை அப்படி: அட்லாண்டிக்கும் வடகடலும் முட்டிக்கொள்ளும் இடம். நீரோட்டம் ஒரு பக்கம், காற்று எதிர்ப்பக்கம் என்றால் பெரிய கப்பலே திணறும். படகு கொடுப்பது ஆர்.என்.எல்.ஐ. (ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிடியூஷன்); 1824-ல் தொடங்கி நன்கொடையில் ஓடுகிற உயிர்காப்புப் படகு அமைப்பு. படகில் ஏறுவது உள்ளூர்க்காரர்கள்.

1969 மார்ச் 17 இரவு. லைபீரியக் கொடி பறக்கும் 'ஐரீன்' என்ற சரக்குக் கப்பல் புயலில் தத்தளிக்கிறது. 'டி.ஜி.பி.' படகில் எட்டுப் பேர் கிளம்புகிறார்கள். தலைவர் டான் கிர்க்பேட்ரிக், மூன்று வெள்ளிப் பதக்கம் வாங்கியவர். அவரோடு அவருடைய இரண்டு மகன்கள். அதே படகில் இன்னொரு அப்பா, அவருடைய இரண்டு மகன்கள். எட்டில் ஆறு பேர் இரண்டே குடும்பத்துக்காரர்கள்!

மறுநாள் படகு கவிழ்ந்து மிதந்தது. எட்டுப் பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஐரீனில் இருந்த 17 பேரோ, கரையிலிருந்து கட்டிய கயிற்றின் வழியே பத்திரமாக இறங்கிவிட்டார்கள். இந்த இடத்தைத் தாண்டிப் படிக்க எனக்கு நேரமாயிற்று.

இதற்கெல்லாம் 'தியாகம்' என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சின்ன ஊரில் கடல் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? அப்பா மகனுக்குக் கற்றுக்கொடுக்கிறார், அண்ணன் தம்பிக்கு. வேலை குடும்பத்தோடு வருகிறது, ஆபத்தும் அப்படியே. அதைத் தடுக்க யார் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு. டி.ஜி.பி. கவிழ்ந்தால் தானாக நிமிராத வகைப் படகு. பிற்காலத்தில் வந்த பெரிய படகுகள் நிமிரும்.

அப்புறம் 1981 டிசம்பர் 19, இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கார்ன்வாலின் மவுஸ்ஹோல் கிராமம். 'யூனியன் ஸ்டார்' கப்பலைக் காப்பாற்ற 'சாலமன் பிரவுன்' படகு கிளம்பும் நேரம். தலைவர் ட்ரெவெல்யன் ரிச்சர்ட்ஸ், படகேற வந்த 17 வயதுப் பையனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அப்பா ஏற்கெனவே ஆள் கணக்கில் இருக்கிறார், இந்த மாதிரி இரவில் ஒரு வீட்டுக்கு ஒருத்தர் போதும் என்றுவிட்டார். படகில் போன எட்டுப் பேரும் திரும்பவில்லை, கப்பலில் இருந்த எட்டுப் பேரும் பிழைக்கவில்லை. கரையில் நின்ற பையன் பின்னாளில் அதே நிலையத்தின் படகுத் தலைவரானான். பதக்கங்களைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த மறுப்புதான்.

லாங்ஹோப்பிலும் 1970-ல் நிலையம் மறுபடி இயங்கத் தொடங்கியது, உள்ளூர் ஆட்களை வைத்தே. டி.ஜி.பி.யைச் செப்பனிட்டு அயர்லாந்தின் அரன்மோர் தீவுக்கு அனுப்பினார்கள். அங்கே அதில் ஏறியவர்களும் தன்னார்வலர்கள்தான். அது எந்தப் படகு என்று தெரியாமலா ஏறியிருப்பார்கள்?